தினசரி உபயோகத்துக்கு

"என்ன யூஸுக்குங்க சார்?" என்று விற்பனைப் பெண் கேட்டாள். கழுத்தில் தொங்கிய அட்டையில் ரெஜினா என்று இருந்தது.

"தினசரி உபயோகத்துக்கு" என்றான் முகுந்தன்.

"டிசைன் வேலை, வீடியோ எடிட்டிங், அந்த மாதிரி ஏதாவது…"

"அதெல்லாம் இல்லை. மெயில். ஆபீஸ் கணக்கு. குழந்தைக்குப் பாடம்."

"அப்ப சாதாவே போதுங்க சார்."

பக்கத்தில் நின்ற கோகுல்ராஜ் மூக்கால் சிரித்தான். முகுந்தனின் மனைவி யமுனாவின் அண்ணன். காலையில் சொல்லாமல் கொள்ளாமல் சிங்காநல்லூரிலிருந்து வந்து, சட்டையை மாற்றச் சொல்லி, முகுந்தனைக் கிராஸ்கட் ரோட்டுக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவன் அவன்தான்.

"போதும். கேட்டீங்களா மாப்ள? போதுமாம். இந்த வார்த்தைய நான் முன்னாடியே எங்கியோ கேட்டிருக்கறேன்."

கோயம்புத்தூரில் அடித்துக்கொண்டாலும் 'ங்க' போட்டுத்தான் அடித்துக்கொள்வார்கள். அதனால் பக்கத்து மேசையில் இருந்தவர்களுக்கு இது சண்டை என்றே தெரியவில்லை.

"போன தீபாவளிக்கு எந்தங்கச்சி கேட்டாளா இல்லீங்களா? அண்ணா, பச்சை ஒண்ணு வாங்கலாம்னு இருக்கறேன், இவர்தான் தினசரி உபயோகத்துக்கு அது எதுக்கு, இதுவே போதுங்கறாருன்னு எங்கிட்டச் சொன்னாளா இல்லீங்களா?"

"சொன்னா, மச்சான்."

"அன்னிக்கு வாங்கியிருந்தா அவ உசுரோட இருந்திருப்பா."

எட்டு மாதமாக வெவ்வேறு சொற்களில் இதே வாக்கியம். துக்கம் கேட்க வந்தவர்கள் முதல் அடுக்ககத்துச் செயலாளர் வரை சுற்றி வளைத்துச் சொன்னதைக் கோகுல்ராஜ் மட்டும் நேராகச் சொல்லுவான். அதற்காகவே முகுந்தனுக்கு அவனைக் கொஞ்சம் பிடிக்கும். மற்றபடி இந்த எட்டு மாதத்தில் அவனுக்குப் பெரிதாக எதுவும் பிடிக்கவும் இல்லை, வலிக்கவும் இல்லை. மகள் இனியாவைக் குளிப்பாட்டினான், தலை பின்னக் கற்றுக்கொண்டான், ஆபீஸுக்குப் போய் வந்தான். போன வாரம் இனியாவுக்கு மூச்சிரைப்பு வந்தது. இன்ஹேலர் வைத்துச் சமாளித்தாயிற்று. செய்தி கோகுல்ராஜின் காதுக்குப் போனதன் விளைவுதான் இந்தக் கடை.

ரெஜினா இரண்டு கணினிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பார்க்க ஒரே மாதிரிதான் இருந்தன. விலை கூடிய பிரீமியத்தின் மூடியில் மட்டும் கடுகளவு பச்சை விளக்கு.

"இது இருந்தா சார், நீங்க என்ன அனுப்பினாலும் பேருக்குப் பக்கத்துல பச்சைப் புள்ளி போகும். மனுசங்க எழுதினதுன்னு அர்த்தம். பேங்க், ஸ்கூல், ஆஸ்பத்திரி எல்லாத்துலயும் ஒடனே தொறந்து படிப்பாங்க."

"சாதாவுல?"

"சாதான்னா சரிபார்ப்புக்குப் போகுங்க. நாம தட்டற விதத்த வெச்சு, எழுதினது ஆளா மெஷினான்னு பாத்துட்டு அப்பறம் அனுப்புவாங்க. கொஞ்சம் லேட் ஆகும்."

"ஏன் அப்படி வச்சாங்களாம்?" என்றான் முகுந்தன். அவனுக்குத் தெரியும். யாராவது ஒருவர் வாயால் சொல்லிக் கேட்க வேண்டும் போலிருந்தது.

"முன்னல்லாம் போன் பண்ணியே கேப்பாங்களாம் சார். அப்பறம் யாரு கொரல வேணும்னாலும் மெஷினே பேச ஆரம்பிச்சதும், ஆஸ்பத்திரிலயெல்லாம் போன் எடுக்கறத நிறுத்திட்டாங்க. எழுதித்தான் கேக்கணும்னாங்க. அதுலயும் மெஷினே நாளைக்குக் கோடிக்கணக்குல எழுதித் தள்ளுச்சுங்களா, எது நெசம் எது பொய்யின்னு யாருக்குந் தெரியல. அதுக்குத்தான் இது."

"பதில் வராம நேரா ஆஸ்பத்திரிக்குப் போனா?"

"வாசல் கேட்டே தொறக்காதுங்களே சார்."

பக்கத்து மேசையில் கல்யாணச் சீருக்கு வாங்க வந்த ஒரு குடும்பம். பெண்ணின் அப்பா யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தார். "நகையப் பத்திக்கூட அப்பறந்தான் கேக்கறாங்க. மொதக் கேள்வியே பொண்ணுக்குப் பச்சை இருக்குதாங்கறதுதான். அட, பச்சை குத்தறதில்லீங்க, இது வேற."

கோகுல்ராஜ் பிரீமியத்தைத் தட்டிக் காட்டினான். "நான் மூணு வருசமா இதுதான் வெச்சிருக்கறேன். கோழித் தீவனத்துக்குப் புகார் எழுதினாக்கூட அஞ்சு நிமிசத்துல பதில் வருது. எந்தங்கச்சிக்கு என்ன வந்துச்சு?"

யமுனா ஆஸ்பத்திரிக்கு எழுதியதற்கு வந்த பதில் முகுந்தனுக்கு மனப்பாடம். 'உங்கள் கடிதம் சரிபார்ப்பில் உள்ளது. பொறுமைக்கு நன்றி.'

காணும் பொங்கல் அன்று. அவன் இனியாவைக் கூட்டிக்கொண்டு பொள்ளாச்சியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தான். அசதியாக இருக்கிறது, நீங்கள் போய் வாருங்கள் என்று யமுனா வீட்டிலேயே இருந்துவிட்டாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது சாப்பாட்டு மேசையில், கணினிக்கு முன்னால், நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தாள். பொறுமையாகத்தான் இருந்திருக்கிறாள். யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது, வரிசை என்றால் வரிசையில் நிற்க வேண்டும் என்கிற ரகம். அவனுக்குப் போன் செய்யவில்லை, பக்கத்து வீட்டுக் கதவைக்கூடத் தட்டவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல்காரன் கம்புகளை அவிழ்த்துக்கொண்டிருந்த நேரத்தில் சரிபார்ப்பின் முடிவு வந்தது. 'இக்கடிதம் இயந்திரத்தால் எழுதப்பட்டதாகக் கருதப்படுகிறது. காரணம்: விசை அழுத்தங்களுக்கு இடையிலான இடைவெளி சீராக உள்ளது, பிழைத் திருத்தம் எதுவும் இல்லை.'

சீராக இல்லாமல் எப்படி இருக்கும்? யமுனா கோர்ட்டில் டைப்பிஸ்ட். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் பரீட்சையில் முதல் வகுப்பு. அரசாங்க வேலைக்கு ஹையர் கேட்கிற வரைக்கும் தமிழ்நாட்டில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகளுக்குச் சாவு கிடையாது. அங்கே மாஸ்டர் மேசையில் ஸ்கேலால் தாளம் போடுவார். ஒரு தட்டுக்கு ஓர் எழுத்து. ஒரு விரல் அழுத்தியும் ஒரு விரல் மெத்தென்றும் விழுந்தால் காகிதத்தில் மை ஒரே மாதிரி பதியாது. காகிதத்தைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார். பதினேழு வயதிலிருந்து அப்படிப் பழகிய விரல்கள். நெஞ்சு அடைத்துக்கொண்டு வந்தபோதும் அந்த விரல்கள் தாளம் தப்பவில்லை. அவள் தட்டிக் கொடுத்த தீர்ப்பை வைத்து எத்தனையோ பேர் ஜெயிலுக்குப் போயிருக்கிறார்கள். அதையெல்லாம் ஆள் தட்டியதா என்று யாரும் கேட்டதில்லை.

"இது எப்படிக் கண்டுபிடிக்குது?" என்று கேட்டான் முகுந்தன்.

"எதுங்க சார்?"

"இந்தப் பிரீமியம். தட்டறது மனுசன்னு இதுக்கு எப்படித் தெரியும்? சாதாவுல தட்டற விதத்தப் பாக்கறாங்க. இதுல?"

ரெஜினா ஒப்பிக்கத் தொடங்கினாள். "ஒவ்வொரு கீக்கு அடியிலயும் சென்சார் இருக்குதுங்க சார். விரலோட சூடு, நாடித்துடிப்பு, அழுத்தம்…"

"டைப்ரைட்டிங் ஹையர் முடிச்சவங்க தட்டினா?"

"அதெல்லாம் கரெக்டா எடுத்துக்கும் சார்."

"தட்டிப் பாக்கலாமா?"

"பாருங்க சார். டெமோ பீஸ்தான்."

அவன் கோகுல்ராஜின் சட்டைப் பையிலிருந்து பால்பாயின்ட் பேனாவை உருவினான். மூடி முனையால் ஒவ்வொரு கீயாகக் குத்தி 'பால் பாக்கெட் வாங்கவும்' என்று எழுதித் தன் போனுக்கு அனுப்பினான்.

போன் சிணுங்கியது. பேருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி.

"பேனாவுக்கு நாடி துடிக்குதா மச்சான்?"

"அட, நீங்கதானுங்களே புடிச்சிருக்கறீங்க" என்றான் கோகுல்ராஜ்.

முகுந்தன் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். குனிந்து கணினியிடமே சொன்னான். "பல் வலி, நாளை வரமாட்டேன் என்று லீவ் லெட்டர் ஒன்று நீயே எழுதி என் போனுக்கு அனுப்பு."

கணினி எழுதியது. அவன் ஒரு கீயையும் தொடவில்லை. பல் வலியைப் பற்றி நான்கு வரிகள், உருக்கமாக, ஒற்றுப் பிழையில்லாமல். போன் சிணுங்கியது.

பச்சைப் புள்ளி.

கோகுல்ராஜ் போனை வாங்கிப் பார்த்தான். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தான். "இது மெஷின் எழுதினதாச்சே."

"ஆமா" என்றான் முகுந்தன். ரெஜினாவைப் பார்த்து, "இதுல சோதனை எங்கேம்மா இருக்கு?"

அவள் முதலில் தளத்துக் கோடியில் டை கட்டி நின்ற சூப்பர்வைசரைப் பார்த்தாள். பிறகு கணினியைத் துடைக்கிற சாக்கில் கிட்டே வந்தாள்.

"இதுல சோதனையே கெடையாதுங்க சார். வாங்கறவங்கள நம்பிருவாங்க. ட்ரெய்னிங்ல எங்களுக்கே அப்படித்தான் சொன்னாங்க, கஸ்டமர்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு. இவ்வளவு வெல குடுத்து வாங்கறவன் மெஷினா இருக்க மாட்டான்லீங்க, அதுதான் கணக்கு."

"சாதா வாங்கறவன்?"

"அவங்களத்தான் சோதிப்பாங்க."

எட்டு மாதமாக மரத்துக் கிடந்த இடத்தில் ஏதோ ஒன்று சுரீரென்றது. இது துக்கம் இல்லை என்பது முகுந்தனுக்குத் தெரிந்தது. துக்கமாக இருந்திருந்தால் உட்கார்ந்திருப்பான். இது அவனை நிமிர்த்தியது. இதுவரை அவன் நினைத்திருந்ததெல்லாம், ஒரு முட்டாள் சோதனை அவளைத் தவறாக எடைபோட்டுவிட்டது, நல்ல சோதனை உள்ள கணினியை வாங்கியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள், வாங்க வேண்டாம் என்றவன் நான் என்பதுதான். அதைச் சுமந்துகொண்டு நடக்கக்கூடப் பழகிவிட்டான். நல்ல சோதனை என்று உலகத்தில் ஒன்று கிடையவே கிடையாது, காசு கட்டினால் கேள்வி இல்லை, அவ்வளவுதான் என்பது இந்த நிமிடம் வரை அவனுக்குத் தோன்றவில்லை.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். டெமோ கணினியில் அந்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு முகவரியை எழுதினான். அதற்குக் கீழே, பார்க்காமலே, ஒரு புள்ளி மாறாமல் தட்டினான்.

'வணக்கம். காலையிலிருந்து நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது. இடது கை மரத்துப்போகிறது. நிறைய வியர்க்கிறது. வாயுவாக இருக்கும் என்று ஓமத் தண்ணீர் குடித்தேன், நிற்கவில்லை. என் வயது முப்பத்தொன்று. இப்போது வரலாமா, நாளை வரை பொறுக்கலாமா? யமுனா முகுந்தன்.'

கீழே தன் போன் எண்ணைச் சேர்த்தான்.

"மாப்ள, என்ன பண்றீங்க? வேண்டாங்க" என்று கோகுல்ராஜ் கையைப் பிடிப்பதற்குள் கடிதம் போய்விட்டது.

கையை விடுவதற்குள் போன் அடித்தது.

"எமர்ஜென்சில இருந்து நர்ஸ் சுபைதா பேசறேன். யமுனா மேடம் பக்கத்துல இருக்கீங்களா? அவங்கள நடக்க விடாதீங்க, அப்படியே உக்கார வைங்க. ஆஸ்பிரின் இருந்தா ஒண்ணு மென்னு முழுங்கச் சொல்லுங்க. வண்டி ரெடியா இருக்கு, அட்ரஸ் சொல்லுங்க சார், சீக்கிரம்."

நல்ல குரல். பதற்றமே இல்லாத, வேலை தெரிந்த குரல். அட்ரஸைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் அவனுக்குத் தோன்றியது. வண்டி வரட்டும், வந்து நிற்கட்டும்.

"வண்டி வேண்டாம் சிஸ்டர்."

"என்ன சார் சொல்றீங்க?"

"இது பழைய லெட்டர். காணும் பொங்கலன்னிக்கு என் பொண்டாட்டி உங்களுக்கு எழுதினது. எழுத்து மாறாம இப்ப அனுப்பினேன். அவ அன்னிக்கே செத்துட்டா."

"வெளையாடறீங்களா? இந்நேரத்துல வேற ஒருத்தருக்கு வண்டி வேணும்னா நான் என்ன சார் பண்ணுவேன்? படிச்சவர்தானே நீங்க?" என்று பாய்ந்தாள். "வண்டிய நிறுத்துங்கண்ணா, கேன்சல்" என்று அவள் யாரிடமோ கத்துவது கேட்டது. மறுபடி வந்தாள். குரல் இறங்கியிருந்தது.

"இந்த லெட்டர் எங்களுக்கு வரவே இல்லையே சார்."

"வராது. சாதாவுல எழுதினா."

"காணும் பொங்கலா?"

"மத்தியானம் ரெண்டு மணி இருக்கும்."

"அன்னிக்கு எனக்குத்தான் டியூட்டி" என்றாள். பிறகு, யாரோ கழுத்தைப் பிடித்துக் கேட்டாற்போல, "ஒருத்தருமே வரல சார் அன்னிக்கு. வண்டி வாசல்லயே நின்னுச்சு. டாக்டர் உள்ள தூங்கினாரு. நாங்க மூணு பேரும் டிவி பாத்துட்டுக் கரும்பு தின்னுட்டு இருந்தோம்."

யார் முதலில் போனை வைத்தார்கள் என்பதை அவன் பின்னால் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

எவனையாவது பிடித்து உலுக்க வேண்டும் என்று எட்டு மாதமாகக் காத்திருந்தான். கடைசியில் அகப்பட்டது கரும்பு தின்ற ஒரு நர்ஸ். கடிதம் கைக்கு வந்திருந்தால் ஓடி வந்திருப்பாள். அவளை எங்கே பிடித்து உலுக்குவது?

சூப்பர்வைசர் அதற்குள் வந்துவிட்டார். "சார், டெமோ பீஸ்ல பர்சனல் மெயில் அனுப்பக் கூடாதுங்க. ரூல்ஸ் இருக்குது."

"யோவ்!" என்றான் கோகுல்ராஜ். கல்யாண வீட்டுக் குடும்பம் மொத்தமும் திரும்பியது. கோகுல்ராஜின் 'ங்க' காணாமல் போயிருந்தது. "ரூல்ஸப் பத்தி நீ பேசறியா? எந்தங்கச்சி மூணு மணி நேரம் கைய நெஞ்சுல வெச்சுட்டு உக்காந்திருந்தாய்யா! அவள மெஷின்னு சொன்னீங்க. பல்லு வலிக்குதுன்னு இந்தத் தகர டப்பா எழுதினா அது மனுசனா? மூணு வருசமா நானும் என்னமோ என்னைய மதிச்சுப் பதில் போடறானுகன்னு மீசைய முறுக்கிட்டுத் திரிஞ்சேன். எங்க கோழி உக்காந்து கொத்தியிருந்தாலும் பதில் போட்டிருப்பீங்கல்ல?"

"சார், மெதுவாப் பேசுங்க சார்."

"மெதுவா எதுக்குப் பேசணும்?" மேசையை ஓங்கி ஓர் அறை. முகுந்தனின் தோளைப் பிடித்தான். "எந்திரிங்க மாப்ள. இந்தக் கருமம் நமக்கு வேண்டாம். உங்களையப் போயி எட்டு மாசமா… எந்திரிங்க, போலாம்."

முகுந்தன் எழுந்திருக்கவில்லை. ரெஜினாவிடம் கேட்டான். "உங்க வீட்டுல என்னம்மா வச்சிருக்கீங்க?"

"சாதாதாங்க சார்."

"குழந்தை?"

"ரெண்டு பேருங்க."

"ராத்திரி காய்ச்சல் வந்தா?"

அவள் சூப்பர்வைசரைப் பார்த்தாள். அவர் டையைச் சரிசெய்துகொண்டு சுவரில் எதையோ படித்தார்.

"எங்க சார்கிட்டதாங்க போன் பண்ணிக் கெஞ்சுவோம். வந்து ஷட்டரத் தொறந்து, இந்த டெமோவுலதான் எழுத விடுவாரு. அவரு பையனுக்கு டெங்கு வந்தப்பவும் இதுலதான் எழுதினாரு. கடையில எல்லாருமே அப்படித்தாங்க."

சூப்பர்வைசர் நகர்ந்துபோனார்.

அந்த டெமோ கணினியைத் தூக்கித் தரையில் அடிக்கலாம். அடித்தால் கடைப் பணியாளர்களின் குழந்தைகளுக்கு இந்த மழைக்காலத்தில் எழுத ஒன்றும் இருக்காது. கோர்ட்டுக்குப் போகலாம். மனு எழுத வேண்டும். சாதாவில் எழுதினால் சரிபார்ப்புக்குப் போகும். வாங்காமல் கோகுல்ராஜோடு தலை நிமிர்ந்து படியிறங்கலாம். அந்த நிமிர்வு எவ்வளவு நாள் தாங்கும் என்றும் அவனுக்குத் தெரிந்தது. அடுத்த மூச்சிரைப்பு வரைக்கும்.

"பில் போடுங்க" என்றான்.

"மாப்ள!"

"பிரீமியம். இதே மாடல்."

"தெரிஞ்சுட்டே இவனுகளுக்குக் காசு அழப்போறீங்களா? எந்தங்கச்சியக் கொன்னவனுகளுக்கு?"

"ஆமா மச்சான்."

"உங்களுக்குச் சொரணை இருக்குதா இல்லையா?"

"இருக்கு. இப்பத்தான் வந்துச்சு." முகுந்தன் கார்டை எடுத்து ரெஜினாவிடம் நீட்டினான். "இனியாவுக்கு மறுபடி இரைப்பு வந்து, நான் சாதாவ வச்சுட்டு உக்காந்திருந்தா, அன்னிக்கு இந்தச் சொரணையத் தூக்கி எங்க வைக்கறது?"

கோகுல்ராஜ் கல்யாண வீட்டார் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கீழ வண்டிகிட்ட நிக்கறேன்" என்று படியிறங்கினான்.

புதுப் பெட்டி வந்தது. கடையிலேயே ஒருமுறை இயக்கிக் காட்டித் தருவது வழக்கம். ரெஜினா ஒட்டியிருந்த தாளை உரித்து, திறந்து, அவன் பக்கம் திருப்பி வைத்தாள். திரையில் ஒரே கேள்வி. பயன்படுத்துபவர் பெயர்?

"உங்க பேரு போடுங்க சார்."

அவன் 'இனியா' என்று தட்டினான்.

விளக்கு இரண்டு தடவை கண்சிமிட்டிவிட்டுப் பச்சையில் நிலைத்தது.

'வணக்கம், இனியா. நீங்கள் மனிதர் என்பது உறுதி செய்யப்பட்டது.'

இனியா அந்நேரம் பீளமேட்டில், யு.கே.ஜி. வகுப்பில், பாயில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் எழுத்துக் கூட்ட வராது.